டத்தோ சச்சாரும் தோட்டத்து மாரியும்

மெர்லிமாவிலிருந்து மலாக்கா நகருக்குக் கடலோரச் சாலை வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. செர்க்காம், உம்பாய் முதலிய ஊர்களைக் கடந்து நகரை அடையும் தோட்டத்துத் தமிழர் ஒருவர், ஏப்பிரல் இறுதியிலோ மே மாதத்திலோ காஜா பெராங் பகுதியில் நடைபெறும் மாரியம்மன் திருவிழாவைக் காணச் சென்றால், முதலில் அவருக்கு எல்லாம் பழகியனவாகவே தோன்றும். கொடி, வேப்பிலை, மஞ்சள், காவடி, தேர் ஆகிய அனைத்தும் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கோயிலில் கண்டவையே. ஆனால் அருகில் நிற்கும் மூதாட்டியை நோக்கி ஒரு சொல் பேசினால் வியப்பு மேலிடும். மூதாட்டியின் நெற்றியில் திருநீறு. உடலில் கெபாயாவும் பாத்தேக் கைலியும். வாயில் மலாய் மொழி. அவ்விழாவின் பெயரைக் கேட்டால், 'டத்தோ சச்சார்' என்பார்.

மலாயில் 'சச்சார்' என்பது அம்மை நோய். 'டத்தோ' என்பது பாட்டனைக் குறிக்கும் சொல். பெரியோரையும் ஊர்காக்கும் ஆவிகளையும் மதித்து அழைக்கும் சொல்லும் அதுவே. தமிழன் 'அம்மை' என்று பெண்ணாக வணங்கிய நோய்த்தெய்வம் மலாய் மொழிக்குள் புகுந்தபோது பாட்டனின் பெயரைப் பெற்றுவிட்டது! பெயர் மாறிற்று, வேப்பிலை மாறவில்லை. மலாக்காச் செட்டிகள் எனப்படும் அச்சிறு சமூகத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

'செட்டி' என்றதும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் பெருமக்களையே நம்மவர் நினைப்பர். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியின் நிழலில் இந்நாட்டுக்கு வந்தவர்கள். ஊரும் உறவும் செட்டிநாட்டிலேயே இருக்க, கணக்கு முடிந்ததும் திரும்பியவர்கள். மலாக்காச் செட்டிகளோ மலாக்கா சுல்தானகம் செழித்திருந்த பதினைந்தாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த வணிகரின் வழித்தோன்றல்கள். பிள்ளை, நாயக்கர், படையாட்சி, ராஜா என்று முடியும் அவர்களுடைய குடும்பப் பெயர்களே, 'செட்டி' என்பது இங்கு ஒரு சாதியின் பெயராக நிற்கவில்லை என்பதைக் காட்டும். வணிகம் செய்த இந்து எவரும் இம்மண்ணில் செட்டியே ஆனார்.

அக்காலத்து மலாக்காவில் அவர்களுக்கு இருந்த நிலை சிறியதன்று. போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ் 1512 முதல் 1515 வரையிலான ஆண்டுகளில் எழுதிய நூலில், துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு சபந்தர்கள், அதாவது துறைத்தலைவர்கள், இருந்தனர். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் கலிங்கர் எனப்பட்ட தென்னிந்திய வணிகரும் வங்கரும் பெகுவினரும் பாசையினரும் அடங்கினர். 1509இல் செக்குவேராவுடன் வந்து சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு மறைவாக உதவியவர் ஒரு தமிழ் வணிகர். போர்த்துக்கீசிய ஏடுகள் அவரை 'நைனா சத்து' என்று எழுதுகின்றன. 1511இல் அல்புகர்க்கே மலாக்காவைக் கைப்பற்றியதும் அவருக்குப் பெண்டகாரா பதவி அளிக்கப்பட்டது. 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் நாட்டு மன்னருக்குக் கொடுத்தபோது, இழிவைப் பொறுக்காமல் அவர் தீ வளர்த்து அதில் புகுந்து உயிர் நீத்தார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தனர். அந்நியனுக்கு உதவியது சரியா என்று இன்றைய வாசகர் கேட்கலாம்; கேட்க வேண்டிய கேள்வியே. ஆயினும் மானம் போனபின் உயிர் வாழாமை என்ற பழந்தமிழ் நெறியை அவர் கடல் கடந்தும் சுமந்து வந்திருந்தார் என்பதை மறுக்க இயலாது.

1613இல் எரேதியா வரைந்த மலாக்கா வரைபடத்தில் 'காம்போன் செலிம்' என்று அவர்களது குடியிருப்பு குறிக்கப்பட்டுள்ளது. 1641இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர். அவர்களுடைய வாணிகத் தலைநகர் பத்தேவியா. மலாக்கா காவல் துறையாகச் சுருங்கிற்று. பெருவணிகத்தைக் குழுமமே தன் கையில் வைத்துக்கொண்டதால், கப்பல் வைத்திருந்த குடும்பங்கள் சிறுவணிகத்துக்கும் பொற்கொல்லர் தொழிலுக்கும் இறங்கின. பின்னர் நகரை விட்டு விலகிக் காஜா பெராங் வயற்புறங்களில் உழவராயின. கடலோடிய குடி கலப்பை பிடித்த கதை இது. இறங்குமுகமான அந்தக் காலத்தில்தான் அவர்கள் தங்கள் பெருங்கோயிலை எழுப்பினர் என்பது நினைந்து மகிழத்தக்கது. 1781இல் தெய்வநாயகம் செட்டி என்ற தலைவரின் முயற்சியால், ஒல்லாந்தர் வழங்கிய நிலத்தில், பொற்கொல்லர் தெருவாகிய ஜாலான் துக்காங் எமாசில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் இந்துக் கோயில்களுள் இதுவே மிகப் பழையது என்பர். 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அதற்கு முந்திய சீனரின் செங் ஹூன் தெங் கோயிலும் அதே தெருத் தொடரில் உள்ளன. 2008இல் மலாக்கா உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்டபோது இத்தெருவும் அதனுள் அடங்கிற்று. பின்னாளில் அக்கோயிலின் ஆட்சி நகரத்தார் கைக்கு வந்தது. காஜா பெராங்கில் 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலும் பிற சிறு கோயில்களும் செட்டிச் சமூகத்தாரிடமே நின்றன.

மொழி எவ்வாறு போயிற்று? காற்றின் போக்கை நம்பிக் கலம் செலுத்திய காலத்தில் வணிகர் தனியராகவே வந்தனர். பெண்டிரை அழைத்து வரவில்லை. இங்கேயே மலாய், சாவக, சீனக் குலப் பெண்களை மணந்தனர். வீட்டுக்குள் தாயின் மொழியே ஒலித்தது. தந்தையின் மொழி சந்தையிலும் சந்நிதியிலும் மட்டும் நின்று, பிறகு சந்தையிலும் நின்றுபோயிற்று. சில தலைமுறைகளில் மலாய் மொழியே தாய்மொழியாயிற்று. அதில் ஆங்காங்கே தமிழ்ச் சொற்கள் கூழாங்கற்களைப்போல் கிடக்கின்றன. ஆயினும் வியப்பு ஒன்று உண்டு. தந்தையின் மொழியை விட்ட அதே இல்லங்கள் தந்தையின் வழிபாட்டை விடவில்லை. படையலைச் சமைத்தவள் தாய். வாழை இலையை எந்தப் பக்கம் நுனி வைத்து இடுவது என்று மருமகளுக்குக் கற்பித்தவள் பாட்டி. கூர்ந்து நோக்கினால், மலாக்காவில் சைவத்தைக் காத்தவர்கள் தமிழ் அறியாத தாய்மார்களே எனல் வேண்டும்.

அவர்களுடைய ஆண்டின் முதல் பெருநாள் பொங்கல். மலாய் பேசும் நாவுக்கும் அது 'பொங்கல்'தான், மொழிபெயர்க்கப்படாத சொல். உழவராய் வாழ்ந்தமையால் புதுப்பானை, புத்தரிசி, கரும்பு, சூரியனை நோக்கிய வணக்கம் யாவும் பொருளோடு நிலைத்தன. மறுநாள் மாட்டுப் பொங்கலும் உண்டு. ஆனால் அவர்களது பொங்கலின் உயிர் அதற்கு முந்திய நாளில், போகியில் இருக்கிறது. அன்றுதான் 'பர்ச்சு' என்னும் முன்னோர் படையல். வீட்டைத் தூய்மை செய்து, சாம்பிராணி இட்டு, இலைகளை விரித்து, மறைந்த பாட்டன் பாட்டிமார் விரும்பி உண்டவற்றையெல்லாம் படைப்பர். தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக், மீன் குழம்பு, இறைச்சி, பலகாரங்கள், பழங்கள் என இலை நிறையும். மாட்டிறைச்சிக்கு மட்டும் அங்கே இடமில்லை. தமிழகத்துப் பருப்பும் சாம்பாரும் இருக்க வேண்டிய இடத்தில் பெலாச்சான் மணம் கமழும். 'இது என்ன படையல்?' என்று முகம் சுளிப்பவர் உண்டு. முன்னோர் எதை உண்டனரோ அதைத்தானே அவர்களுக்குப் படைக்க முடியும்? ஐந்நூறு ஆண்டு மலாக்காவில் உண்டு வாழ்ந்த முன்னோருக்கு மலாக்காவின் உணவே உணவு.

படைத்து வணங்கியபின், குடும்பத்தார் சிறிது நேரம் அவ்விடத்தை விட்டு அகன்று நிற்பதும் உண்டு. வந்தவர்கள் அமைதியாய் உண்ணட்டும் என்பது எண்ணம். விருந்தினர் உண்ணும்போது வாயிலில் நின்று உற்று நோக்குவது முறையன்று என்ற தமிழ் வழக்கம் இறந்தாருக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது! அதன்பின் உள்ளே வந்து, அதே உணவை உறவினரோடும் வந்த விருந்தினரோடும் பகிர்ந்து உண்பர். உணவில் கலந்துகொள்ள இன்ன இனத்தார் என்ற வேறுபாடு இல்லை.

ஆண்டின் நடுவில் மீண்டும் ஒரு பர்ச்சு வரும். அதற்குப் 'பர்ச்சு புவா-புவாகான்', அதாவது பழப்படையல் என்று பெயர். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் என மலாயா மண்ணின் கனிகள் கொத்துக் கொத்தாய்ப் பழுக்கும் சூன், சூலை மாதங்களே அதற்குரிய காலம். தமிழகத்தின் ஆண்டுச் சக்கரத்தில் இப்படி ஒரு நாளைத் தேடினால் கிடைக்காது. இந்த மண்ணின் பருவத்தைப் பார்த்து இந்த மண்ணிலேயே அமைத்துக்கொண்ட நாள் இது. வழக்கம் என்பது சுமந்து வந்த மூட்டை மட்டுமன்று, ஊன்றிய நாற்றும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

டத்தோ சச்சார் விழா பத்து நாள் நடைபெறும். அம்மன் தேரேறிக் காஜா பெராங்கிலிருந்து துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பொய்யாத விநாயகர் கோயிலுக்கு எழுந்தருளுவாள். வயற்புறத்துக்கு ஒதுங்கிய குடிகள், தாங்கள் ஒருகாலத்தில் வாழ்ந்த நகரத் தெருவுக்கு ஆண்டுக்கொருமுறை தெய்வத்தோடு திரும்பி வருவதாகவே அவ்வூர்வலம் தோன்றும். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நோய் போயிற்று, நேர்த்திக்கடன் போகவில்லை.

அன்றாட ஒழுகலாறுகளிலும் இரு மரபுகள் கலந்து நிற்கின்றன. நிலைப்படியில் மாவிலைத் தோரணம். படிக்கு வெளியே காலணி. பெருநாளில் இளையோர் மூத்தோரை வணங்கி வாழ்த்துப் பெறுதல் தவறாது. திருமணப் பேச்சில் வெற்றிலை முன்வைக்கப்படும். வெற்றிலை தமிழர்க்கும் மலாய்க்காரர்க்கும் பொது ஆகையால், எந்த மரபின் வெற்றிலை என்று பிரித்தறிய இயலாது. மணப்பந்தலில் தாலி கட்டப்படும். அதே பந்தலில் டொண்டாங் சாயாங் பாடலும் ஒலிக்கும். இதைக் கலப்படம் என்று ஒதுக்குவது எளிது. மலாக்காவில் இதைத் தவிர வேறு எவ்வாறு இருந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்ப்பதே முறை.

இனி, மெர்லிமாவின் பக்கம் திரும்புவோம். 1896இல் தான் சாய் யான் என்ற சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் பயிரிடப்பட்ட முதல் இரப்பர்த் தோட்டம் அது. 1898இல் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் தோன்றிற்று. தொடர்ந்து ஜாசின் மாவட்டம் எங்கும் காடு அழிந்து பால்மரம் நின்றது. மெர்லிமாவைச் சூழ்ந்த தோட்டங்களும் அவ்வகையில் எழுந்தவையே. கங்காணிகளின் பின்னே தமிழர் வந்தனர். 1907இல் நிறுவப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி அவர்களது பயணச் செலவை ஏற்றது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிப்பெயர்வுக்குத் தடை விதிக்கும் வரை அந்த வரவு நீடித்தது.

செட்டிகளைப்போல் அல்லாமல் இவர்கள் குடும்பத்தோடு வந்தனர் அல்லது விரைவில் குடும்பம் அமைத்தனர். லயன்களில் தமிழே பேச்சு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி பெரும்பாலும் ஓர் அறைதான். ஆசிரியர் சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான். என்றாலும் 'அ'கரம் பிழைத்தது. செட்டிகள் இழந்ததை இவர்கள் காத்தனர் என்று பெருமைப்படலாம்.

ஆனால் தோட்டத்தின் ஒழுகலாறு ஒன்றை இங்கே மறைத்தல் ஆகாது. செட்டிக் கம்பத்தில் வணக்கம் என்பது மூத்தோருக்குரியது. தோட்டத்தில் வணக்கம் துரைக்குரியதாக இருந்தது. துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், கூலி உயர்வோடும் கள்ளுக்கடை மூடலோடும், துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் ஒன்றாக இருந்தது. மிதிவண்டியில் அமர்ந்து செல்வதற்காக ஒரு மக்கள் கூட்டம் போராட வேண்டியிருந்தது! மரியாதை என்ற சொல்லின் இரு முகங்களையும் மலாயாத் தமிழன் அறிந்தவன்.

பெருநாளும் அவ்வாறே. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறிப்பவர் ஊர்ப்பெரியவர். இசைவு தருபவர் துரை. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற காலத்தில், பெரட்டுக் களத்தில் பெயர் கொடாமல் கோயிலுக்குப் போனவர் அன்றைய கூலியையும் கோயிலுக்கே காணிக்கை ஆக்கினார் என்று சொல்லவேண்டும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வந்த பின்னரே கூலியோடு கூடிய பொது விடுமுறை தொழிலாளியின் உரிமையாயிற்று. தீபாவளி நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் விடுமுறையாக நின்றது. பொங்கலுக்கு இந்நாட்டில் பொது விடுமுறை இல்லை. தைப்பூசம் சில மாநிலங்களில் விடுமுறை. மலாக்கா மாநிலத்தின் பட்டியலில் அது இல்லை. மெர்லிமாவுக்கு அப்பால் மலாக்காவையும் சொகூரையும் பிரிக்கும் கீசாங் ஆறு ஓடுகிறது. ஆற்றின் அக்கரையில் தைப்பூசம் விடுமுறை, இக்கரையில் வேலைநாள். முருகனுக்குக் காவடி எடுக்க விரும்புவோர் இக்கரையில் தம் ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொள்கின்றனர்.

இந்த இரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகிறது. மொழியை இழந்த செட்டிகளின் விழா எவ்வாறு நிலைத்தது? மொழியைக் காத்த தோட்டங்களின் விழாக்கள் பல எவ்வாறு மறைந்தன? செட்டிகளின் வீடும் கோயிலும் தம்முடைய நிலத்தில் நின்றன என்பதே விடை. அவர்களது கோயிலுக்கு ஓர் ஆட்சி உண்டு, ஏடு உண்டு, எல்லைக்கல் உண்டு. தோட்டத்து மாரியோ வாய்ச்சொல்லை நம்பிக் கட்டப்பட்ட கோயிலில் அமர்ந்தாள். துரை 'கட்டிக்கொள்' என்றார், கட்டினார்கள். பத்திரத்தில் அது தோட்டத்தின் நிலம். விற்கும்போது கோயிலும் சேர்த்தே விற்கப்பட்டது. 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலில் தொடங்கி, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, பின் செம்பனையும் போய் வீட்டுமனை வந்த காலம் வரை, லயன்கள் கலைந்த இடமெல்லாம் இக்கதை நிகழ்ந்தது. துண்டாடலைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவு இயக்கம் ஒன்றைத் தொடங்கித் தொழிலாளரே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். அந்த முயற்சியின் அருமை, கலைந்த தோட்டங்களின் கோயில்களை எண்ணும்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

மொழி வேண்டாம், நிலமே போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. செட்டி மூதாட்டி கைகூப்பி நிற்கும்போது குருக்களின் வாயிலிருந்து வரும் தமிழ்ப்பாடல் அவருக்கு ஓசை மட்டுமே. தம் பாட்டனின் பாட்டன் அழுதும் சிரித்தும் பேசிய மொழி அது என்று தெரிந்தும் உள்ளே நுழைய வழியில்லாமல் நிற்பது சிறிய இழப்பன்று. அச்சமூகத்துப் பெரியவர்களே அதை இழப்பாகக் கருதுகின்றனர். நிலம் இருப்பதாலும் கவலை தீர்ந்துவிடவில்லை. வயல்கள் மறைந்துவிட்டன, நகரம் வளர்ந்து காஜா பெராங்கையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. கம்பத்தின் ஓரங்களில் உயர்ந்த கட்டடங்கள் எழத் தொடங்கியபோது குடியிருப்பாளர் எதிர்ப்புக் குரல் எழுப்பியதும் அண்மைக்கால வரலாறே. இளையோர் பலர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வாழ்கின்றனர். அவர்கள் போகிக்குத் திரும்பி வருகின்றனர் என்பதே கம்பத்தின் உயிர்.

மெர்லிமாவ்த் தோட்டங்களிலிருந்து வெளியேறி நகர்ப்புறத்து மலிவு வீடுகளில் குடியேறியவர்களிடமும் ஒரு வழக்கம் கூடவே வந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்திய நாள் மாலையில் மறைந்த பெற்றோரின் படத்தின் முன் இலை விரிப்பர். புதுத்துணி, பலகாரம், கோழிக்குழம்பு, அவர் விரும்பிய சுருட்டு, சில வீடுகளில் ஒரு குவளை பீர் என்று இலையைச் சுற்றி வைப்பர். அடுக்குமாடியில் கோயில் இல்லை; தோட்டத்து மாரி எந்த மேட்டில் இருந்தாள் என்பதைப் பிள்ளைகள் கண்டதில்லை. எனினும் சாம்பிராணிப் புகை எழுந்ததும் வீட்டுத்தலைவி, 'கொஞ்சம் வெளியே வாங்க, அவங்க சாப்பிடட்டும்' என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடைபாதைக்கு வருகிறாள். 25 கிலோமீட்டருக்கு அப்பால் காஜா பெராங்கில், வேறொரு மாதத்தில், வேறொரு மொழியில், இன்னொரு தாயும் பிள்ளைகளோடு அவ்வாறே விலகி நிற்கிறாள்.